கலவை கூட்டலுக்கு அடங்குமா?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

நீர்மங்களின் அடர்த்தியையும் பாகுநிலையையும் அளப்பது செய்முறைத் தேர்வுக்கான ஒரு சடங்கு என்றே நம்மில் பலர் கருதுகிறோம். ஒப்படர்த்திக் குப்பியைக் கழுவி உலர்த்துவானேன்? ஆஸ்வால்டு பாகுநிலைமானியில் நீர்மம் இரு கோடுகளுக்கிடையே இறங்கும் நேரத்தைக் குறிப்பானேன்? விடைதான் புத்தகத்தின் பின்னிணைப்பில் அச்சாகியிருக்கிறதே! இப்படிக் கேட்கும் நண்பர்களுக்கு என் மறுப்பை எங்கள் வீட்டு விதைநெல்லிலிருந்து தொடங்குகிறேன்.

என் தந்தையார் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். நாற்றங்காலில் விதை தெளிக்கும் முன் 10 லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ உப்பைக் கரைப்பார். ஆனால் அந்த ஒன்றரைக் கிலோவை அவர் நம்புவதில்லை. உப்பு ஈரம் கோத்திருக்கலாம். கடைத் தராசு ஏமாற்றியிருக்கலாம். ஆகவே புது முட்டை ஒன்றைக் கரைசலில் விடுவார். அது மிதந்து, பழைய நாலணாக் காசு அளவுக்கு ஓடு வெளியே தெரிந்த பிறகுதான் விதையைக் கொட்டுவார். பதரும் அரைகுறை மணிகளும் மேலே வரும். திரண்ட மணி அடியில் தங்கும். பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும், உப்பு முளைப்பைக் கெடுத்துவிடும். வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் முறையும் இதுவே.

இதை நான் தாளில் கணக்கிட்டுப் பார்த்தேன். உப்பின் அடர்த்தி 2.16. நீரின் பருமனோடு உப்பின் பருமனைக் கூட்டினால் ஏறத்தாழ 10.7 லிட்டர். அப்படியானால் கரைசலின் அடர்த்தி 1.075 அளவில் இருக்க வேண்டும். புது முட்டையின் ஒப்படர்த்தியோ பெரும்பாலும் 1.08 முதல் 1.09 வரை. கூட்டல் கணக்கின்படி முட்டை மூழ்க வேண்டும்; வாளியில் அது மிதக்கிறது! காரணம், கரைசலின் உண்மையான அடர்த்தி 1.09-ஐத் தாண்டுகிறது, பருமன் பத்தரை லிட்டர்தான். உப்பின் அயனிகள் நீர் மூலக்கூறுகளைத் தம்மைச் சுற்றி நெருக்கமாக இழுத்து வைத்துக்கொள்கின்றன. காணாமற்போன அந்தக் கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவான பருமனில் ஒரு பாடமே அடங்கியிருக்கிறது.

ஆல்கஹாலும் நீரும் இதைவிட வியப்பு. 50 மில்லிலிட்டர் நீரும் 50 மில்லிலிட்டர் எத்தில் ஆல்கஹாலும் சேர்ந்தால் நூறு வராது. 96-ஐ ஒட்டித்தான் வரும். மெண்டலீவ் தனிம அட்டவணையை வெளியிடுவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1865-இல், தம் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருளே ஆல்கஹாலும் நீரும் சேர்வதைப் பற்றியதுதான். பாகுநிலையில் கூத்து இன்னும் பெரிது. 20 டிகிரியில் நீருக்கு 1.0 சென்டிபாய்ஸ், ஆல்கஹாலுக்கு 1.2. கலவைக்கு இரண்டுக்கும் இடைப்பட்ட எண்தானே வர வேண்டும்? எடையில் ஏறத்தாழ 45 விழுக்காடு ஆல்கஹால் உள்ள கலவைக்கு 2.8-க்கு மேல் வருகிறது. மெல்லிய இரு நீர்மங்கள் கூடித் தம்மைவிடத் தடித்த ஒன்றைப் பெற்றெடுக்கின்றன.

சூத்திரங்கள் இல்லாமல் இல்லை. பாகுநிலைகளின் மடக்கைகளைக் கலவை விகிதத்தில் கூட்டும் முறையை 1887-இல் அர்ரீனியஸ் தந்தார். 1949-இல் கிரன்பர்க், நிசான் இருவரும் அதனுடன் ஓர் உறவு மாறிலியைச் சேர்த்தனர். அந்த மாறிலி எங்கிருந்து கிடைக்கும்? கலவையை அளந்தால்தான் கிடைக்கும். சூத்திரமே நம்மிடம் கைநீட்டி அளவைக் கேட்கிறது.

நாமோ என்ன கொடுக்கிறோம்? பல கல்லூரிகளில் சென்ற ஆண்டு ரெக்கார்டு நோட்டிலிருந்து இந்த ஆண்டு நோட்டுக்கு எண்கள் குடிபெயர்கின்றன. மாணவர்களை மட்டும் குறை கூறேன். புத்தக மதிப்புக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு மதிப்பெண் என்றால் யார்தான் வளைக்கமாட்டார்கள்? நீரின் பாகுநிலை 25 டிகிரியில் 0.89, 35 டிகிரியில் 0.72. சித்திரை மாதத் தஞ்சாவூரில், மின்விசிறியும் நின்றுபோன ஆய்வகத்தில், உள்ளது உள்ளபடி அளப்பவனுக்கு 25 டிகிரி எண் எப்படி வரும்? வந்தால் அதுதான் ஐயத்துக்குரியது! நேர்மையாக அளந்தவன் மதிப்பெண் இழப்பதும், பின்னிணைப்பைப் பார்த்து எழுதியவன் பாராட்டுப் பெறுவதும் என்ன நீதி?

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என்னைப் போன்றவர்களுக்கு இந்த மூன்றாண்டு ஆய்வகம் போனால் வேறு ஆய்வகம் வாய்ப்பது அரிது. நாளை வேலை கிடைக்கக்கூடிய இடமொன்றைப் பாருங்கள். நம் நெல்லின் தவிட்டில் 15 முதல் 20 விழுக்காடு எண்ணெய் உண்டு. அதை ஹெக்சேனில் கரைத்துப் பிரித்தெடுக்கிறார்கள். தவிட்டெண்ணெயின் பாகுநிலை ஹெக்சேனைப் போல நூறு மடங்குக்கும் மேல். இரண்டின் கலவையோ சராசரிக் கணக்கு காட்டுவதைவிட மிகவும் இளக்கமானது. அங்கே குழாயும் பம்பும் நம் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து ஓடப்போவதில்லை.

துறை ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. ஆய்வகத்தில் ஒரு நீள நோட்டுப் போட்டு வைக்கட்டும். உப்புநீர், ஆல்கஹால்–நீர், தவிட்டெண்ணெய்–ஹெக்சேன் ஆகிய கலவைகளின் அளவுகளை ஒவ்வோர் ஆண்டு மாணவரும் அன்றைய வெப்பநிலையுடன் அதில் எழுதட்டும். மதிப்பெண்ணை, மூன்று முறை அளந்த எண்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று பார்த்துப் போடட்டும். நோட்டுக்கு ஆகும் செலவை மாணவர்களே ஏற்போம். வெப்பமானி ஏற்கெனவே அலமாரியில் இருக்கிறது.