சோம்பேறி யார்?

டயகமப் பக்கத்துத் தோட்டங்களில் "அரைப்பேர்" என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. விடியற்காலையில் பெரட்டுக்குப் போய், மழையிலும் அட்டைக்கடியிலும் நாள் முழுவதும் கொழுந்து பறித்த பெண், நிர்ணயித்த கிலோவை எட்டாவிட்டால் அவளுக்கு அரைநாள் சம்பளமே பதியப்படும். கொழுந்து குறைந்த மாதமா, காடாகிப்போன மலையா என்பதைத் தராசு பார்ப்பதில்லை. சோம்பேறி என்ற பெயர் மட்டும் அவளுக்கு வந்து சேர்கிறது. ஊர் பெயர்ந்து புது இடத்தில் மண்வெட்டி பிடித்திருக்கும் உங்களில் பலரும் இதைக் கேட்டிருப்பீர்கள்.

இந்தப் பழி பழையது. விடுதலைப் பயண நூலின் 5ஆம் அதிகாரத்தில், வழிபாட்டுக்குப் போக அனுமதி கேட்ட இஸ்ரயேல் மக்களைப் பார்வோன் சோம்பேறிகள் என்றான். வைக்கோல் கொடுப்பதை நிறுத்தினான். செங்கல் கணக்கைக் குறைக்கவில்லை. 2021இல் 1,000 ரூபாய் நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்தபின், பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய கிலோ கூட்டப்பட்டதை இத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டம் போட்ட வெள்ளைத் துரைமார், கண்டிக் கிராமத்துச் சிங்கள மக்களைச் சோம்பேறிகள் என்றார்கள். அம்மக்களுக்குச் சொந்த வயல் இருந்தது. அற்பக் கூலிக்கு அதை விட்டுவர அவசியம் இருக்கவில்லை. ஆகவே வறுமையில் வாடிய தமிழகக் கிராமங்களிலிருந்து நம் முன்னோர் கொண்டுவரப்பட்டார்கள். காலப்போக்கில் அதே பெயர் நமக்கும் வந்தது.

1977, 1983 வன்செயல்களால் மலையகத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளுக்குப் போன குடும்பங்கள் காடு வெட்டி, கிணறு தோண்டிப் பயிர் செய்தன. காணி உறுதி இல்லாதவர் பலர். பிறர் வயலில் கூலிக்கு நின்றவரும் உண்டு. போர் அவர்களை மீண்டும் பெயர்த்தது. 2009க்குப் பின் திரும்பிப் போய், அழிந்த இடத்திலேயே மறுபடி தொடங்கினார்கள். தோட்டத்தில் சோம்பேறி எனப்பட்டவர்களின் கைகள்தாம் அவையும்.

மத்தேயு 20இல் இயேசு சொன்ன உவமையில், மாலை ஐந்து மணிக்கும் சிலர் சந்தைவெளியில் சும்மா நிற்கிறார்கள். காரணம் கேட்டபோது, தங்களை யாரும் வேலைக்கு அழைக்கவில்லை என்றார்கள். தோட்டக்காரர் அவர்களைத் திட்டவில்லை. வேலை கொடுத்தார், முழுநாள் கூலியும் கொடுத்தார். அந்தத் தோட்டத்தில் அரைப்பேர் இல்லை. கூடாரம் செய்து பிழைத்த புனித பவுல் தெசலோனிக்கருக்கு எழுதியபோது கண்டித்ததும் உழைக்க மனமில்லாதவரைத்தான். வேலை கிடைக்காதவரையோ, நோயாளியையோ, காணி இழந்தவரையோ அல்ல.

இதைச் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளவும் கூடாது. மலையிலிருந்து களைத்து வந்த மனைவி விறகு, தண்ணீர், அடுப்பு என்று ஓடும்போது, கணவன் சீட்டாட்டத்திலும் சாராயத்திலும் இருந்தால் அது சோம்பல்தான். நிவாரணம் வரட்டும் என்று வீட்டுத்தோட்டத்தை வெறுமனே போட்டு வைப்பதும், சங்கக் கூட்டத்துக்கு வராமல் பிறகு குறை சொல்வதும் சோம்பல்தான். எறும்பிடம் பாடம் கற்கச் சொல்லும் நீதிமொழிகள் நூல், ஏழையின் நிலம் நன்கு விளையக்கூடியது, அநீதிதான் அந்த விளைச்சலைப் பறிக்கிறது என்றும் 13ஆம் அதிகாரத்தில் காட்டுகிறது. இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

ஒருவரைச் சோம்பேறி என்று சொல்லுமுன் மூன்று கேள்விகள் கேட்போம். அவருக்கு வேலை இருந்ததா? கூலி நியாயமாகக் கிடைத்ததா? பயிரிட நிலம் உண்டா? இருந்தும் அவர் உழைக்கவில்லையென்றால் அன்போடு கண்டிப்போம். இல்லையென்றால், அவற்றைப் பெற்றுக்கொள்ள அவரோடு சேர்ந்து முயல்வோம். அதுவும் உழைப்புத்தான்; அதில் நாம் சோம்பியிருக்கக் கூடாது.