செபமாலையைக் காட்டி வாயை மூடாதீர்கள்

தோழர்களே, கடன்காரன் வாசலில் நிற்கும்போதும், பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதும் செபமாலையைக் கையில் எடுக்கும் நம் அம்மாக்களை நாம் கேலி செய்யப் போவதில்லை. மாதாவிடம் அழுது அவர்கள் பெறும் ஆறுதல் அவர்களுடையது. அந்த ஆறுதலைக் காட்டி 'பொறுத்துக்கொள்ளுங்கள், செபியுங்கள்' என்று பிரசங்கம் வைப்பவர்களோடுதான் நமக்குச் சண்டை.

எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் சமமரியாதை கேட்டார்கள். கிடைக்காததால் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் அவர்கள் வீடுகளைத் தாக்கியவர்களும் அதே செபமாலையை உருட்டுகிறவர்கள்தான். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கு நடுவிலும் சாதிச் சுவர்.

1950 குடியரசுத் தலைவர் ஆணையின் பட்டியல் சாதி உரிமை 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விரிந்தது. தலித் கிறிஸ்தவருக்கு இல்லை. மதம் மாறினால் சாதி போய்விடுமாம்! போகவில்லை என்பதற்கு அந்தச் சுவரே சாட்சி.

2016இல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களுக்கான கொள்கையை வெளியிட்டது. அது எத்தனை பங்குகளில் வாசிக்கப்பட்டது?

மரியாளின் பாடலே வலியவர்களை அரியணையிலிருந்து இறக்கும் பாடல். அதை நம்புகிறவர்கள் செபித்து முடித்ததும் பங்குப் பேரவையில் எழுந்து கேட்கட்டும்: தேர் ஏன் எங்கள் தெருவுக்கு வருவதில்லை? பதில் வரும்வரை உட்கார வேண்டாம்.