பங்காளியும் பக்கத்து வீடும்

2024 கோடையில் ஆழ்குழாய்க் கிணறுகள் வறண்டபோது பெங்களூர் முழுவதும் தண்ணீர் லாரிதான் பேச்சு. லிங்கராஜபுரத்துக் குடங்களுக்கும் அதே கவலை. ஆனால் குடத்தில் தண்ணீர் தங்குவதே ஒரு பலவீனமான பிணைப்பின் தயவில்தான்.

தண்ணீர் மூலக்கூறுக்குள் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் எலக்ட்ரான்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன. இடைவெளி 0.96 ஆங்ஸ்ட்ராம், பிரிக்க மோலுக்குச் சுமார் 460 கிலோ ஜூல் வேண்டும். அதே ஹைட்ரஜன் அடுத்த மூலக்கூறின் ஆக்சிஜனையும் பிடித்துக்கொள்கிறது. இது ஹைட்ரஜன் பிணைப்பு. நீளம் ஏறக்குறைய இரு மடங்கு. வலிமையோ சுமார் 20 கிலோ ஜூல்தான். முன்னது பங்காளி உறவு, பின்னது பக்கத்து வீட்டு உறவு. இந்த இரண்டாவது உறவு இல்லையென்றால், பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 80 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்து ஆவியாகிவிடும். குடமும் இருக்காது, நாமும் இருக்க மாட்டோம்.

இதற்கு இலக்கணம் வகுத்ததில் பெங்களூருக்குப் பங்குண்டு. சர்வதேச வேதியியல் ஒன்றியம் 2011இல் வெளியிட்ட புதிய வரையறையை உருவாக்கிய குழுவின் தலைவர், இங்குள்ள இந்திய விஞ்ஞானக் கழகப் பேராசிரியர் அருணன். பழைய பாடநூல்கள் ஃப்ளூரின், ஆக்சிஜன், நைட்ரஜன் மூன்றுக்கு மட்டுமே இந்த உரிமையைத் தந்தன. புதிய வரையறை, தக்க சான்று இருந்தால் கார்பனையும் சேர்த்துக்கொள்கிறது.

அது தரும் இன்னொரு அடையாளம் சுவாரஸ்யமானது. புதிய பிடி வலுக்க வலுக்க, ஹைட்ரஜனின் பழைய பிணைப்பு பொதுவாக நீள்கிறது, நீண்டால் தளர்கிறது. பக்கத்து வீட்டில் ஒட்டுதல் கூடினால் சொந்த வீட்டில் பிடிப்பு குறையத்தான் செய்யும்.