புல்லில் இருந்து கேஸ்: விவசாயிக்கு லாபம் மிஞ்சுமா?

கோவை:
மாட்டுக்குப் போடுற புல்லில் ஆட்டோ ஓடுமா? ஓடும். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அந்தப் புல்லை வளர்க்கிற விவசாயி கையில் எவ்வளவு மிஞ்சும் என்பதுதான் கேள்வி.

2025-26 முதல், வாகன கேஸ், வீட்டுக் குழாய் கேஸ் விற்பனையில் 1 சதவீதம் உயிரி எரிவாயு கலக்க வேண்டும் என்பது மத்திய அரசு உத்தரவு. 2028-29ல் இது 5 சதவீதமாக உயரும். அதனால்தான் நேப்பியர் புல்லுக்கு இப்போது திடீர் மவுசு.

மாட்டு வயிறு மாதிரி

கறவை மாடு வைத்திருப்பவர்களுக்கு கோ-4 புல்லைத் தெரியாமல் இருக்காது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் 2008-ல் வெளியிட்ட கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் அது. இந்தப் புல்லைப் பொடியாக வெட்டி, சாணிக் கரைசலோடு காற்றுப் புகாத தொட்டியில் விடுகிறார்கள். மாட்டு வயிற்றில் நடக்கிற மாதிரியே பாக்டீரியாக்கள் புல்லை நொதிக்க வைக்கின்றன. ஒரு மாதம் போல ஆகும். வருகிற வாயுவில் பாதிக்கு மேல் மீத்தேன். மற்றதைப் பிரித்தெடுத்து, அழுத்தி சிலிண்டரில் அடைத்தால் வண்டிக்கு கேஸ் ரெடி. மிச்சக் கழிவு வயலுக்கு உரம்.

புல் முற்றினால் தண்டு மரம் மாதிரி ஆகிவிடும். பாக்டீரியாவால் கடிக்க முடியாது. 45 நாளைக்கு ஒருமுறை வெட்டியே ஆக வேண்டும்.

கணக்கு என்ன சொல்லுது?

பச்சைப் புல்லில் 80 சதவீதம் தண்ணீர்தான். ஒரு டன்னுக்கு தோராயமாக 35 கிலோ கேஸ் கிடைக்கும். 2018-ல் 'சதத்' திட்டம் வந்தபோது அறிவித்த விலை கிலோ ரூ.46. அந்தக் கணக்கில் ஒரு டன் புல்லுக்கு ரூ.1,610. பின்னர் விலை சிஎன்ஜி விலையோடு இணைக்கப்பட்டது. இந்தப் பணத்துக்குள்தான் வெட்டுக்கூலி, லாரி வாடகை, ஆலைச் செலவு, கடன் வட்டி எல்லாம் அடங்கணும். கடைசியில் மிஞ்சுவதுதான் விவசாயிக்கு.

தண்ணீர் எங்கே?

தினம் 5 டன் கேஸ் எடுக்க 140 டன்னுக்கு மேல் புல் வேண்டும். ஏக்கருக்கு ஆண்டுக்கு 150 டன் விளைந்தாலும் 350 ஏக்கர் தேவை. அத்தனைக்கும் பத்து நாளைக்கு ஒரு தண்ணீர் விடணும். கோடையில் கிணறு வற்றினால் முதலில் தீவனம் இல்லாமல் நிற்பது மாடுதான்.

நாடு முழுவதும் 5,000 ஆலை என்றார்கள். 2025 வாக்கில் ஓடியவை நூறை ஒட்டித்தான். ஆலை நின்றால் வெட்டிய புல்லை யார் வாங்குவது?

எனவே கையெழுத்துப் போடும் முன், டன்னுக்கு என்ன விலை, வெட்டுக்கூலி யார் பொறுப்பு, எத்தனை நாளில் பணம் என்பதை எழுத்தில் வாங்குவது நல்லது. முன்பணம் கேட்டால் உஷார்!