முதலில் சில்லு, பிறகு றோலர்



உங்கள் வீட்டில் மோட்டார் பூட்டிய சைக்கிள் இருக்கிறதா? இம்மாதக் குறிப்பு உங்களுக்குத்தான். “அது ஆண்களின் வேலை” என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். தளர்ந்த செயின் கழன்று பற்சக்கரத்தில் சிக்கினால், பின் சில்லு ஒரே நொடியில் இறுகி நின்றுவிடும். அப்போது ஓட்டுபவர் உங்கள் மகனாக இருக்கலாம்.

இதில் செயின்கள் இரண்டு. வலப்பக்கம் மிதிக்கும் செயின், இடப்பக்கம் இஞ்சின் செயின். இரண்டும் ஒரே சில்லைத்தான் இழுக்கின்றன. சில்லைப் பின்னுக்கு நகர்த்தினால் இரண்டுமே இறுகும். அதனால்தான் ஒன்றைச் சரிசெய்யப் போய் மற்றதைக் கெடுத்துக்கொள்கிறோம்.

சோதிப்பது எப்படி? இஞ்சினை நிறுத்தி, பிளக் வயரைக் கழற்றி, கிளச்சைப் பிடித்துப் பூட்டி, சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். இஞ்சின் செயினின் மேற்பகுதியில் நடுவே விரலால் அழுத்துங்கள். அரை அங்குலம், அதாவது சுமார் 12 மில்லிமீற்றர் அசைய வேண்டும். சில்லைச் சற்றுச் சுற்றி நிறுத்தி, நாலைந்து இடங்களில் பாருங்கள். மிக இறுக்கமான இடத்திலும் இந்த அசைவு இருக்க வேண்டும். சில்லு சுற்றும்போது விரல் செயினுக்குக் கிட்டவும் போகக்கூடாது.

சரிசெய்யும்போது, முதலில் பின் சில்லின் இரு நட்டுகளையும் தளர்த்தி, மிதிக்கும் செயின் அளவாகும்வரை சில்லைப் பின்னுக்கு இழுங்கள். சில்லு சட்டத்தின் நடுவில் நேராக நிற்கிறதா என்று பார்த்து, நட்டுகளை நன்றாக முடுக்குங்கள். பிறகு றோலரை நகர்த்தி இஞ்சின் செயினை அளவாக்குங்கள். றோலராலும் சரிவராவிட்டால், கண்ணி ஒன்றைக் கழற்றும் வேலையைச் சைக்கிள் கடையில் கொடுப்பதே நல்லது.

“இழுத்துக் கட்டினால் கழன்று விழாது” என்று சிலர் கம்பிபோல இறுக்கிவிடுவார்கள். அப்போது செயினும் பெயரிங்கும் விரைவில் தேய்ந்து, செலவு இரட்டிப்பாகும்.

றோலரைப் பிடித்திருக்கும் போல்ட்டில் ஒரு கண் இருக்கட்டும். அது தளர்ந்தால் றோலர் திரும்பிச் சில்லுக் கம்பிகளுக்குள் புகுந்துவிடும். கையால் ஆட்டிப் பாருங்கள்; சிறிதும் அசையக்கூடாது. சில்லு நகர்ந்தால் பிரேக் கட்டைகளும் இடம் மாறும். பிரேக்கைச் சோதிக்காமல் ஒருவரையும் தெருவில் இறங்க விடாதீர்கள்.

பின்னால் உட்காரும் பழக்கம் இருந்தால் இன்னொன்று. நாம் கால்களை இடப்பக்கம் போட்டுத்தானே உட்காருகிறோம்? ஹபாயாவின் ஓரமும் துப்பட்டியின் நுனியும் தொங்குவது இஞ்சின் செயினுக்கு மேலேதான். அந்தப் பக்கம் செயின் மூடி இல்லாத சைக்கிளில் ஏறாதீர்கள். மூடி இருந்தாலும் துணியை மடியில் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.

புதுச் செயின் தொடக்கத்தில் விரைவாகத் தளரும், அடிக்கடி பாருங்கள். பிறகு வாரம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பதற்கு, அடுப்பில் தேநீர் கொதிக்கும் நேரமே போதும்.