செத்த பிள்ளையின் பெயர்

செக் நாட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்களில் 18, 19-வது நூற்றாண்டுகளில் பிள்ளைக்குப் பெயர் தேட அதிகச் சிரமப்படுவதில்லை. தகப்பன் பெயர், பாட்டன் பெயர், ஞானத்தகப்பன் பெயர், இல்லாவிட்டால் பஞ்சாங்கத்தில் அந்தத் தேதிக்குரிய அர்ச்சிஷ்டர் பெயர். அதாவது போப்பினால் மோட்சவாசியென்று முத்திரை குத்தப்பட்டவர் பெயர். இதனால் ஊர்தோறும் யோசெப்புகளும் அன்னாக்களுமே நிறைந்திருந்தனர். அது போகட்டும்.

யோசெப்பு என்ற குழந்தை அம்மையில் செத்தால் அடுத்த ஆண்பிள்ளைக்கும் யோசெப்பு என்றே பெயர். அதுவும் செத்தால் மூன்றாவதற்கும் அதே பெயர்! இவை கட்டுக்கதையல்ல, மாதா கோவில் பதிவேடுகளில் காணலாம். 1784-ல் இரண்டாம் யோசெப் அரசன் போட்ட உத்தரவுப்படி பிறப்புக்கு ஒரு புத்தகம், சாவுக்கு ஒரு புத்தகம். இரண்டையும் எழுதியவர் ஒரே பாதிரியார்தான்.

அர்ச்சிஷ்டர் பெயரிட்டால் அவர் பிள்ளையைக் காப்பார் என்றல்லவா உபதேசம்? முதல் யோசெப்பைக் காப்பாற்றாதவரிடம் இரண்டாமவனை ஒப்புவித்தபோது, பாதிரியார் பழைய புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாரா என்று கேட்கிறோம்.

பெற்றவளை நாம் பரிகசிக்கவில்லை. போன பிள்ளையின் பெயரையாவது வீட்டில் கூப்பிட வேண்டுமென்று அவள் ஏங்கியிருக்கலாம். பாட்டன் பெயர் அற்றுப்போகக் கூடாதென்று தகப்பன் நினைத்திருக்கலாம். அது மனித சுபாவம். அந்தத் துக்கத்தின் மேல் மோட்ச வியாபாரம் நடத்தியதுதான் அயோக்கியத்தனம்.

குழந்தைச் சாவைக் குறைத்தவை அம்மை குத்துதலும், நல்ல தண்ணீரும், சாக்கடையும், வைத்தியமுமே. எந்த அர்ச்சிஷ்டருமல்ல. பதிவேடுகளும் 1950-ல் பாதிரிகளிடமிருந்து சர்க்காருக்குப் போய்விட்டன. உயிரோடிருக்கும் பிள்ளையின் பெயரை உடன்பிறந்ததற்குப் பதியக்கூடாதென்பதே 2000-வது வருஷத்துச் சட்டம். பஞ்சாங்கத்து அர்ச்சிஷ்டரைப் பற்றி அதற்குக் கவலையில்லை.