வேலை இடம் மாறியது, இடஒதுக்கீடு எங்கே?

காஞ்சிபுரம் என்றால் பட்டும் கோயிலும் என்பார்கள் வெளியூர்க்காரர்கள். நம் காலனி இளைஞர்களைக் கேட்டால் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்பார்கள். ஏரிப் பாசன வயலில் நடவும் அறுப்பும் செய்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று கம்பெனி பஸ்ஸுக்காகச் சாலையோரம் நிற்கிறார்கள்.

பட்டுத் தறி நமக்குச் சொந்தமாக இருந்ததில்லை. முன்பணக் கடனுக்காகத் தறியில் உட்கார வைக்கப்பட்ட சிறுவர்களில் தலித் பிள்ளைகளும் இருந்தார்கள். நிலமும் பெரும்பாலோருக்கு இல்லை. அதனால் வயல் ஆலையானபோது நில உரிமையாளருக்கு இழப்பீடு கிடைத்தது. கூலிக்காரருக்குக் கூலி நின்றது.

1998-இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா, 2014-இல் ஆலையை மூடியது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். வேலை வந்த வேகத்திலேயே போகவும் செய்யும் என்பதற்கு அதுவே சாட்சி.

தமிழ்நாட்டில் அரசு வேலையில் பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம், பழங்குடியினருக்கு 1 சதவீதம் இடஒதுக்கீடு உண்டு. தனியார் ஆலையின் வேலை நியமனத்துக்கு அது பொருந்தாது. வேலை அரசிடமிருந்து தனியாருக்கு நகர நகர, நாம் போராடிப் பெற்ற உரிமையின் பரப்பு சுருங்குகிறது. நிலம், மின்சாரம், வரிச் சலுகை என அரசிடம் பெறும் நிறுவனங்கள், எத்தனை தலித்துகளை நிரந்தரப் பணியில் வைத்திருக்கின்றன என்ற கணக்கையாவது வெளியிட வேண்டாமா?

ஒரு கதவு மட்டும் சட்டப்படி திறந்திருக்கிறது. 1961-ஆம் ஆண்டு தொழில் பழகுநர் சட்டத்தின் 3-ஏ பிரிவு, ஃபிட்டர், எலக்ட்ரீசியன் போன்ற குறிப்பிட்ட தொழில்களில் பழகுநர் இடங்களைப் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கச் சொல்கிறது. இது தனியார் ஆலைக்கும் பொருந்தும். ஐடிஐ மாணவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

தகவல் உரிமைச் சட்டத்தில் தனியார் கம்பெனியிடம் நேரடியாகக் கேட்க முடியாது. ஆனால் பழகுநர் பயிற்சியைக் கண்காணிக்கும் அரசுத் துறையிடம் கேட்கலாம்: நம் மாவட்ட ஆலைகளில் எத்தனை பழகுநர் இடங்கள், அவற்றில் எத்தனை ஒதுக்கப்பட்டன, எத்தனை நிரம்பின? கிராம சபையிலும் இதைத் தீர்மானமாக வையுங்கள்.

பழகுநர் பயிற்சி நிரந்தர வேலை ஆகாது. அதற்கான முதல் படி. நிரந்தர வேலையிலும் இடஒதுக்கீடு வேண்டும் என்ற கோரிக்கையை விடாமல் எழுப்புவோம். அதுவரை, சட்டம் ஏற்கெனவே கொடுத்ததை ஒரு இடம்கூடக் காலியாக விடக்கூடாது.